பழைய காரை இணைய ஏலத்தில் விற்பவர்களுக்கு: அடிவிலையை முடிவு செய்வது முதல் பெயர் மாற்றம் வரை

சொந்தக் காரை இணைய ஏலத்தில் விற்க நினைப்பவர்களில் பலர், செயலியில் வண்டி எண்ணைப் பதிந்தவுடன் திரையில் தெரியும் உத்தேச விலையை வைத்தே கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் தொகை, வண்டியை யாரும் நேரில் பார்ப்பதற்கு முன்பு, மாடலையும் ஆண்டையும் ஓடிய கிலோமீட்டரையும் மட்டும் கொண்டு சொல்லப்படுவது. கடைசியில் வங்கிக் கணக்கில் வந்து சேரும் தொகை அதிலிருந்து வெகுவாகக் குறையக்கூடும். எங்கள் வீட்டுக் காரைக் கோவையில் இந்த முறையில் விற்றபோது ஆவணங்களுக்காக அலைந்த அலைச்சலும், ஏலம் முடிந்த பிறகு விலையைக் குறைக்கச் சொல்லி வந்த தொடர் அழைப்புகளும் எனக்குக் கற்பித்தவற்றை, அடுத்து விற்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் வகையில் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏலம் நடக்கும் அந்தக் குறுகிய நேரத்தில் விற்பவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆவணங்கள் எந்த நிலையில் இருக்கின்றன, பரிசோதனை அறிக்கையில் என்ன எழுதப்படுகிறது, எந்தத் தொகைக்குக் கீழே விற்பதில்லை என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறீர்கள் ஆகிய மூன்றும்தான் உங்களுக்குக் கிடைக்கும் விலையை நிர்ணயிக்கின்றன. இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் பதிவான, சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கானது. வாடகை வண்டிகளுக்குப் பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று) போன்ற கூடுதல் நடைமுறைகள் இருப்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

1. ஏலம் கேட்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இத்தகைய ஏலங்களில் விலை கேட்பவர்கள், காரை வாங்கி ஓட்டப்போகும் குடும்பங்கள் அல்லர். நம் ஊரில் ஆட்டோ கன்சல்டிங் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் வியாபாரிகளும் அவர்களைப் போன்ற வெளியூர் வியாபாரிகளும்தான் கேட்கிறார்கள். அவர்கள் உங்கள் காரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பரிசோதகர் எடுத்த புகைப்படங்களையும் அவர் எழுதிய அறிக்கையையும் மட்டும் பார்த்து, செயலியில் தொகையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அறிக்கையில் தெளிவில்லாத ஒவ்வொரு இடத்துக்கும் அவர்கள் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். எஞ்சின் சத்தம் பற்றி மங்கலாக ஒரு வரி இருந்தால், அதன் மிக மோசமான செலவை எடுத்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஆகவே வியாபாரியின் மனதில் எழக்கூடிய சந்தேகங்களை ஏலத்துக்கு முன்பே தீர்த்து வைப்பதுதான், விலையை உயர்த்த விற்பவரின் கையில் உள்ள முதன்மையான வழி.

சில நிறுவனங்கள் ஏலம் விடாமல் தாங்களே ஒரு விலை சொல்லி வாங்கிக்கொள்கின்றன. அத்தகைய ஒரு விலையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும், பணமும் கேட்பதில்லை.

2. ஏலத்துக்கு முன்பே ஆவணங்களைச் சரிசெய்யுங்கள்

விலையைப் பற்றிய கட்டுரையில் ஆவணங்களுக்கு ஏன் இவ்வளவு இடம் என்று தோன்றலாம். ஆவணத்தில் சிக்கல் உள்ள வண்டியை வாங்கும் வியாபாரியின் பணம் அது தீரும்வரை முடங்கிக் கிடக்கும். அந்த முடக்கத்துக்கான வட்டியை அவர் உங்கள் விலையில்தான் கழிப்பார்.

ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) கடன் பதிவு. கார் கடனின் கடைசித் தவணை கட்டி ஆண்டுகள் ஆகியிருந்தாலும், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் தானாக நீங்குவதில்லை. வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்றையும், கையொப்பமிட்ட படிவம் 35ஐ இரண்டு பிரதிகளாகவும் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எச்.பி. நீக்கத்துக்கு, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை எடுப்பதற்கு, விண்ணப்பிக்க வேண்டும். வங்கிகள் தரும் இந்தச் சான்று பொதுவாகக் குறுகிய காலத்துக்கு மட்டுமே செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். கெடு முடிந்துவிட்டால் வங்கியில் மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கடன் இன்னும் நிலுவையில் இருந்தால், முன்கூட்டியே கணக்கை முடிப்பதற்கான தொகையையும் அதற்கான அபராதக் கட்டணத்தையும் சேர்த்துக் காட்டும் கடிதத்தை வங்கியிடம் வாங்கிய பிறகே ஏலத்துக்குப் பதியுங்கள்.

ஆர்.சி.யுடன் இணைந்த கைபேசி எண். பெயர் மாற்றத்தின்போது அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனிலிருந்து ஓ.டி.பி. வரும். அந்த எண் எப்போதோ கைவிட்ட பழைய எண்ணாக இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயர், பதிவு செல்லும் காலம், காப்பீடு, மாசுச் சான்று ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

நிலுவைச் சலான்கள். இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைத் தேடி, இருக்கும் அபராதங்களைக் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கட்டாமல் விட்டால், விலை முடிவான பிறகு பிடித்தமாக அதே தொகையோ, அதைவிடக் கூடுதலாகவோ கழிக்கப்படும்.

உரிமையாளர் காலமாகியிருந்தால். வண்டி தந்தையின் பெயரில் இருந்து, அவர் காலமாகிவிட்ட பிறகு பிள்ளைகள் விற்பது அடிக்கடி நடக்கிறது. முதலில் படிவம் 31 வழியாக வாரிசு ஒருவரின் பெயருக்கு மாற்ற வேண்டும். காலமான மூன்று மாதங்களுக்குள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படுவதால், இதற்கே கணிசமான காலம் ஒதுக்குங்கள்.

இவற்றுடன் அசல் காப்பீட்டு ஆவணம், ஆதார், பான் அட்டை, ரத்து செய்த காசோலை, இரண்டு சாவிகள், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். இரண்டாவது சாவி இல்லாவிட்டால், நவீன கார்களில் சாவிக்குள் இருக்கும் சிப்பையும் சேர்த்துச் செய்ய ஆகும் செலவைக் காட்டி விலையைக் குறைப்பார்கள்.

3. வியாபாரியின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். உங்கள் காரின் ஏல மதிப்பு என்பது, அதே கார் கடையில் விற்கும் விலையிலிருந்து வியாபாரியின் செலவையும் லாபத்தையும் கழித்தால் மிஞ்சுவது. எனவே கடைவிலையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

முதலில், உங்கள் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் அதே மாடல், அதே வேரியன்ட், அதே எரிபொருள், ஒரு வருடம் முன்பின் தயாரிப்பு ஆண்டு, ஏறக்குறைய அதே கிலோமீட்டர், அதே உரிமையாளர் எண்ணிக்கை கொண்ட கார்கள் என்ன விலைக்கு விளம்பரம் செய்யப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பர விலை கேட்கும் விலைதான். பேரம் பேசிய பிறகு அதிலிருந்து இறங்கித்தான் விற்பார்கள். மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விளம்பரங்களை நீக்கிவிட்டு, மிச்சமுள்ளவற்றில் கீழ்ப்பாதியில் இருக்கும் விலையை எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். காப்பீட்டில் எழுதியிருக்கும் ஐ.டி.வி. தொகை (வண்டி திருடுபோனாலோ முழுதாகச் சேதமானாலோ காப்பீட்டு நிறுவனம் தரும் உச்சத் தொகை) சந்தை விலை அன்று. அது தேய்மான அட்டவணையின்படி வருவது: ஒன்று முதல் இரண்டு ஆண்டுக்கு 20 சதவீதம், இரண்டு முதல் மூன்றுக்கு 30, மூன்று முதல் நான்குக்கு 40, நான்கு முதல் ஐந்துக்கு 50 சதவீதம் என்று கழித்துக்கொண்டே போவார்கள். ஓடும் வண்டிக்கு உண்மையில் கிடைக்கும் விலை மாடலைப் பொறுத்து இதற்கு மேலும் இருக்கும், கீழும் இருக்கும். அடுத்து, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் என்ற நிலையிலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் அதனுடன் இறங்கும். ஆகவே அதற்கு முன்பு உங்கள் நண்பர் விற்ற விலையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. இதிலுள்ள எண்கள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு வியாபாரி உங்கள் காரை 5,00,000 ரூபாய்க்கு விற்க முடியும் என்று நம்புகிறார். அவர் அதை 4,20,000 ரூபாய்க்கு வாங்கினால் இடைவெளி 80,000 ரூபாய். பதிவு பெற்ற வியாபாரிகள் இந்த இடைவெளியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், 2025 ஜனவரி 16 முதல் மின்சாரக் கார்கள் உட்பட எல்லாப் பழைய கார்களுக்கும் ஒரே விகிதம் இதுதான். அந்த வகையில் 12,000 முதல் 14,400 ரூபாய் வரை போகும். டயர், டிங்கரிங், பாலிஷ் முதலியவற்றுக்கு 18,000. ஏல நிறுவனத்தின் கட்டணம், வண்டியைக் கொண்டுபோகும் செலவு, பெயர் மாற்றம், விளம்பரம் ஆகியவற்றுக்கு 15,000. வண்டி விற்கும்வரை முடங்கும் பணத்துக்கான வட்டி 5,000 என்று வைத்துக்கொண்டால், அவருக்கு மிஞ்சுவது 30,000 ரூபாய்க்குச் சற்று குறைவு அல்லது அதை ஒட்டிய தொகை. அவர் 4,60,000க்குக் கேட்க மாட்டார் என்பது இந்தக் கணக்கைப் போட்டதும் புரிந்துவிடும்.

இந்த வரி வியாபாரிக்குத்தான். தன் சொந்தக் காரை விற்கும் தனிநபர் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. என்று சொல்லி யாராவது உங்கள் தொகையில் கழித்தால் ஏற்காதீர்கள்.

4. அடிவிலையை எழுதி வையுங்கள், வாய்விட்டுச் சொல்லாதீர்கள்

மேலே போட்ட கணக்கிலிருந்து இரண்டு எண்களை எடுத்து எழுதுங்கள். ஒன்று, நியாயமாக எதிர்பார்க்கும் விலை. மற்றொன்று, இதற்குக் கீழே விற்பதில்லை என்ற அடிவிலை. அடிவிலையை உணர்ச்சியால் முடிவு செய்யக் கூடாது. ஏலத்தில் விற்காவிட்டால் உங்களுக்கு உள்ள அடுத்த நல்ல வழி எதுவோ, அதுதான் அடிவிலை: உள்ளூர் கன்சல்டிங் கடையில் ரொக்கமாகச் சொன்ன விலை, புதுக் கார் வாங்கும் ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போனஸுடன் சேர்த்துச் சொன்ன விலை, தெரிந்தவர் நேரடியாக வாங்கத் தயாராக இருக்கும் விலை. இவற்றில் உயர்ந்ததை எழுதுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். ஏலத்தில் பத்தாயிரம் கூடுதலாகப் பெற்று, ஷோரூமில் அதைவிடப் பெரிய போனஸை இழப்பதில் பயனில்லை.

பதிவு செய்யும்போது உங்கள் எதிர்பார்ப்பு விலை என்ன என்று செயலியோ பரிசோதகரோ கேட்பார்கள். அடிவிலையை அங்கே சொல்லிவிட்டால், அதன்பின் நடக்கும் பேச்சு அனைத்தும் அந்தத் தொகையைச் சுற்றியே நடக்கும். எதிர்பார்க்கும் விலையைவிடச் சற்றுக் கூடுதலாகச் சொல்வது முறை. ஆனால் சந்தைக்கு ஒவ்வாத அளவுக்கு உயர்த்திச் சொன்னால், இந்த விற்பனை முடியப்போவதில்லை என்று வியாபாரிகள் ஒதுங்கிவிடுவார்கள். ஆரம்ப விலையைத் தாழ்வாக வைக்கலாமா என்ற கேள்வியும் வரும். கேட்பவர்கள் பலர் இருக்கும் மாருதி, ஹூண்டாய் போன்ற வேகமாக விற்கும் மாடல்களுக்குத் தாழ்ந்த ஆரம்ப விலை நல்லது; போட்டியே விலையை மேலே கொண்டுபோகும். உற்பத்தி நின்றுபோன மாடல், அதிகம் விற்காத பிராண்டு, மூன்றாம் உரிமையாளர் வண்டி ஆகியவற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான் கேட்பார்கள். அங்கே தாழ்ந்த ஆரம்ப விலை அப்படியே இறுதி விலையாகிவிடும் ஆபத்து இருப்பதால், அடிவிலையை ஒட்டியே தொடங்குங்கள்.

5. பரிசோதனை நாளில்

பரிசோதகர் வருவதற்கு முன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை அவர் பதிவு செய்ய வேண்டும். சூடான எஞ்சினைக் கண்டால் ஏதோ மறைக்கப்படுகிறது என்று குறிப்பார். காரைக் கழுவி, பகல் வெளிச்சத்தில் நிறுத்துங்கள்.

அவர் கையிலுள்ள சிறிய கருவியை ஒவ்வொரு கதவிலும் பானட்டிலும் வைத்துப் பார்ப்பார். பெயின்ட்டின் கனத்தை மைக்ரானில் காட்டும் கருவி அது. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 மைக்ரானை ஒட்டியிருக்கும். மறுபெயின்ட் அடித்த இடத்தில் அது இரண்டு மடங்காகும். பட்டி பார்த்த இடத்தில் அதற்கும் பல மடங்கு மேலே போகும். ஆகவே கீறல் விழுந்த கதவை விற்பதற்காகவே பெயின்ட் அடிப்பது வீண் செலவு. கீறலுக்குக் கழிப்பதைவிட, எதற்காகப் பெயின்ட் அடித்தார்கள் என்ற சந்தேகத்துக்குக் கழிப்பது அதிகம். விபத்துப் பழுது இருந்தால், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்ற ரசீதுடன் நீங்களே சொல்லிவிடுங்கள். பம்பரும் ஃபெண்டரும் மாற்றிய காரை வியாபாரிகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பில்லரிலோ (கூரையைத் தாங்கும் தூண்) சேசிஸிலோ (வண்டியின் அடிச்சட்டம்) வேலை நடந்திருந்தால்தான் விலை சரியும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் வயதான டயர்களை மாற்ற வேண்டியவை என்றே எழுதுவார்கள். அதற்காக விற்கும் நேரத்தில் புது டயர் போடாதீர்கள். போட்ட செலவு விலையில் முழுதாகத் திரும்பாது. மாறாக, சில நூறு ரூபாயில் முடியும் வேலைகளைச் செய்துவிடுங்கள்: எரியாத பல்பு, தளர்ந்த வைப்பர், டேஷ்போர்டில் அணையாமல் நிற்கும் எச்சரிக்கை விளக்கு, பலவீனமான பேட்டரி.

பரிசோதகர் கிளம்பும் முன் அறிக்கையின் பிரதியைக் கேட்டு, வரி வரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். பின்னால் வரும் விலைக் குறைப்பை எதிர்க்க உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்த அறிக்கைதான்.

6. எப்போது விற்பது

ஆடி மாதத்திலும் மார்கழியிலும் வண்டி வாங்குவதைப் பலர் தள்ளிப்போடுவதால், கடைகளில் விற்பனை மந்தமாக இருக்கும். வியாபாரிகள் தயங்கித்தான் கேட்பார்கள். ஆவணி பிறந்ததும் ஆயுத பூசை, தீபாவளி விற்பனைக்காகச் சரக்குச் சேர்க்கத் தொடங்குவார்கள். அவசரமில்லாதவர்கள் அந்த வாரங்களைத் தேர்ந்தெடுக்கலாம். டிசம்பரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுவனங்கள் புதுக் கார்களுக்குத் தள்ளுபடி தருகின்றன. சில நாட்களில் உங்கள் காரும் கணக்கில் ஒரு வயது கூடிவிடும்.

பதிவுக் காலமான 15 ஆண்டுகள் முடியப்போகும் காரை, முடிவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பே விற்பது நல்லது. முடிந்துவிட்டால் தகுதிச் சோதனை, புதுப்பித்தல் கட்டணம், பசுமை வரி என்று செலவுகள் வரிசையாக வரும். அவை எல்லாம் ஏல விலையில் பிரதிபலிக்கும்.

7. ஏலம் முடிந்த பிறகு வரும் அழைப்பு

உயர்ந்த கேட்பு உங்கள் எதிர்பார்ப்பைத் தொடாவிட்டால், நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைப்பார். இன்று மாலைக்குள் சம்மதிக்காவிட்டால் இந்த விலை போய்விடும் என்பார். எழுதி வைத்த அடிவிலையைப் பார்த்துக்கொண்டு பேசுங்கள். அதற்கு மேலிருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கீழிருந்தால் மறுத்துவிட்டுக் காத்திருங்கள். கால அவகாசம் நீட்டிக்கப்படுவது வழக்கமாக நடப்பதுதான். ஆனால் ஒரே காரை வாரந்தோறும் மறுபடி மறுபடி ஏலத்தில் விடாதீர்கள். அதே வியாபாரிகள்தான் பார்க்கிறார்கள். விற்காத வண்டி என்று அடையாளம் கண்டுகொண்டு ஒவ்வொரு முறையும் தாழ்த்திக் கேட்பார்கள்.

எந்த விலையையும் ஏற்பதற்கு முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: எல்லாப் பிடித்தங்களும் போக என் கணக்கில் வரும் தொகை எவ்வளவு? பெயர் மாற்றச் செலவு, சேவைக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று தனித்தனியாகக் கழிப்பார்கள். பெயர் மாற்றத்துக்கான அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய் அளவில்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் கழித்தால் விவரம் கேளுங்கள். ஆர்.சி. மாறும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைப்பதும் உண்டு. அப்படியானால் எந்தத் தேதிக்குள், எந்த நிபந்தனையில் அது திரும்ப வரும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

மிகவும் கவனிக்க வேண்டிய பொறி, வண்டியை அவர்களுடைய இடத்துக்குக் கொண்டுபோன பிறகு நடக்கும் மறுபரிசோதனை. வீட்டு அறிக்கையில் இல்லாத குறையைக் காட்டி அங்கே விலையைக் குறைப்பார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று விற்பவர் இணங்கிவிடுவார். எனக்கும் இந்த நெருக்கடி வந்தது. முதல் அறிக்கையை எடுத்துக் காட்டி, வண்டியைத் திரும்ப ஓட்டிப்போகத் தயார் என்று சொன்ன பிறகே பழைய தொகை நிலைத்தது. முடிந்தவரை ஒப்படைப்பை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

8. பணம், ஒப்படைப்பு, பெயர் மாற்றம்

முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் வரவாகிவிட்டதை வங்கியின் செயலியில் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் வரலாம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29இல் இரண்டு பிரதிகளும் படிவம் 30உம் கையொப்பமாக வேண்டும். வாங்குபவரின் பெயரும் தேதியும் எழுதப்படாத வெற்றுப் படிவங்களில் கையொப்பமிடாதீர்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில், வண்டி கைமாறிவிட்டாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்துள்ளது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியாக இருந்தால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி படிவம் 29சி வழியாக ஒப்படைப்பை இணையத்தில் தெரிவிக்கலாம். அதன்பின் பொறுப்பு அந்த வியாபாரியுடையதாகிறது. ஒப்பந்தத்துக்கு முன்பே அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இந்த வழி இருந்தால், விலையில் சிறிது குறைவாக இருந்தாலும் அந்த வியாபாரிக்கே கொடுப்பேன் என்பது என் நிலைப்பாடு.

அது இல்லாவிட்டால், மாநிலத்துக்குள் விற்பனை என்றால் 14 நாட்களுக்குள் நீங்கள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி கேரளாவுக்கோ கர்நாடகத்துக்கோ போகிறது என்றால் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று தேவை, காலம் கூடுதலாகும். டெலிவரி நோட்டில் தேதியுடன் மணியையும், அப்போதைய கிலோமீட்டரையும் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதியை இணைத்துக்கொள்ளுங்கள். அன்றே ஃபாஸ்டேக் கணக்கை மூடிவிடுங்கள். மூடாவிட்டால் அவர் கடக்கும் சுங்கச்சாவடிக் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போகும்.

காப்பீட்டில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அன்று. ஐந்து ஆண்டுகள் கிளெய்ம் இல்லாதிருந்தால், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். விற்றதற்கான ஆவணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றை வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். பெயர் மாற்றம் முடிந்துவிட்டதாக வாங்கியவர் சொன்னாலும், எம்பரிவாகனில் புது உரிமையாளரின் பெயர் ஏறும்வரை வாரம் ஒரு முறை பார்த்துவிட்டு, ஏறியதும் நிறுத்தி வைத்த தொகையைக் கேட்டு அந்தப் பக்கத்தின் படத்துடன் மின்னஞ்சல் அனுப்புங்கள்.